ஐந்து மணி அலாரத்தை முதலில் அணைத்துவிடுங்கள்

தினமும் எழுதும் பழக்கம் பற்றிப் பெங்களூரு தமிழர்கள் கேட்டவையும், எழுத்துப் பயிற்சி நடத்துபவரின் பதில்களும்.

மாரத்தஹள்ளி, ஐடி ஊழியர்: அக்கா, விடியற்காலை 5 மணிக்கு எழுந்து எழுதலாம் என்று எத்தனையோ முறை ஆரம்பித்துவிட்டேன். நாலாம் நாள் படுத்துவிடுகிறேன். அமெரிக்க டீமோடு ஆபீஸ் போன் கால் முடியவே இரவு 11 ஆகிறது.

கால் முடிந்து, சாப்பிட்டுப் படுக்க 12:30. அலாரம் 5 மணிக்கு. மிச்சம் நாலரை மணி நேரத் தூக்கம். நாலாம் நாள் உடம்பு மறுக்கத்தான் செய்யும்; இதில் உங்கள் மனவுறுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வாரம் ஒரு வரிகூட எழுத வேண்டாம். தலை தெளிவாக இருந்து, யாரும் கூப்பிடாத நேரம் எது என்று ஏழு நாளும் குறித்து மட்டும் வையுங்கள். நாலு நாளாவது திரும்ப வருகிற இடைவெளி எதுவோ அதுதான் உங்கள் நேரம். அதை மணியோடு கட்டாமல் ஒரு வேலையோடு கட்டுங்கள்: காபி டம்ளரைக் கழுவி வைத்ததும், ஆபீஸ் லேப்டாப்பைத் திறக்கும் முன், 15 நிமிடம். மணியோடு கட்டினால் உங்கள் வேலையில் வருஷத்துக்கு இரண்டு முறை அறுந்துபோகும். மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவார்கள். நவம்பரில் உங்கள் கால் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். டம்ளர் கழுவுவது எந்த மாதமும் மாறாது.

கோரமங்களா, கல்லூரி மாணவி: 21 நாள் விடாமல் செய்தால் பழகிவிடுமாமே?

1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், மாறிய முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்று எழுதினார். அந்தக் 'குறைந்தது' எப்படியோ காணாமல் போய், எல்லாப் பழக்கத்துக்கும் அதே கணக்காகிவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 96 பேரை 84 நாள் கவனித்தார்கள். பழக்கம் படிய நடுமட்டமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. (254 என்பது ஆய்வு முடிந்த நாளைத் தாண்டிக் கணக்குப் போட்டு நீட்டிய எண்.) அவர்கள் பழகியதோ தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, உடற்பயிற்சி மாதிரியானவை. எழுத்து அதைவிடக் கடினம். மூன்று மாதமாவது கொடுங்கள். ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. விட்டதை மறுநாள் இரட்டிப்பாக எழுதி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அதில்தான் பலரும் ஒரேயடியாக நிறுத்துகிறார்கள்.

ஜெயநகர், இரண்டு குழந்தைகளின் அம்மா: வார்த்தைக் கணக்கு வைப்பதா, நேரக் கணக்கா? எனக்கு அரை மணி சேர்ந்தாற்போல் கிடைக்காது.

எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் வரைவுக்கு வார்த்தை, திருத்தத்துக்கு நேரம். வரைவை நேரத்தால் அளந்தால் சுவரைப் பார்த்தே 20 நிமிடம் ஓடிவிடும். திருத்தத்தை வார்த்தையால் அளந்தால் கணக்கு தலைகீழாகும்: 300 வார்த்தையை 220 ஆக்கியது நல்ல வேலை, கணக்கிலோ கழித்தல்.

அளவை உங்கள் மோசமான நாளை வைத்து முடிவு செய்யுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் முடிகிற அளவு: ஐந்து வரி, இல்லை 50 வார்த்தை. நல்ல நாளில் 400 போகட்டும், ஆனால் மறுநாள் இலக்கு மறுபடி 50தான். 'நேற்று 400 வந்ததே' என்று இலக்கை உயர்த்தினால் பத்து நாளில் நோட்டு அலமாரிக்குப் போகும். இடமும் முக்கியம். நோட்டும் பேனாவும் சமையலறையிலேயே, கைக்கு எட்டுகிற தட்டில் இருக்கட்டும்.

ஒயிட்ஃபீல்டு: மெட்ரோவில் போனில் எழுதலாமா?

போகும்போது எழுதலாம். ஒயிட்ஃபீல்டு முதல் நிலையம் என்பதால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். திரும்பும்போது மெஜஸ்டிக் மாதிரி நடுவழி நிலையத்தில் ஏறினால் நின்றுகொண்டுதான் வருவீர்கள். அந்த நேரத்தை நம்ப வேண்டாம். வண்டி ஏறியதும் நெட்டை அணையுங்கள்.

இந்திராநகர்: நேற்று எழுதியதைத் திறந்தால் திருத்திக்கொண்டே இருக்கிறேன். புதிதாக ஒன்றும் வருவதில்லை.

கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுத் தொடருங்கள். தேதியோ பெயரோ நினைவில்லை என்றால் தேடப் போகாமல் ஃஃஃ என்று அடித்து நகருங்கள். தமிழ்ச் சொல் எதிலும் மூன்று ஆய்தம் சேர்ந்து வராது, அதனால் பிறகு தேடினால் குறித்த இடங்கள் மட்டும் சிக்கும். இன்றைக்கு நிறுத்தும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விடுங்கள். நாளைக்கு முதல் வேலை அதை முடிப்பது.

அல்சூர், ஓய்வு பெற்றவர்: ஏம்மா, எனக்குக் கை நடுங்குகிறது. போனில் பேசியே எழுதலாம் என்கிறான் பேரன். சரிப்படுமா?

சரிப்படும் ஐயா. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனை வைத்துப் பேசுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முற்றுப்புள்ளி, பத்திப் பிரிப்பு எல்லாம் பெரும்பாலும் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும். ல, ள, ழ அங்கங்கே மாறியும் விழும். அன்றைக்கே திருத்திவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தப்பாக விழுந்த சொல்லுக்குப் பதில் என்ன சொன்னோம் என்று நமக்கே புரியாது.