முகத்தில் முடி வளர்ந்தால் சர்க்கரைப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: வயது 27. மோவாயிலும் மேலுதட்டிலும் கருத்த முடி வளர்கிறது. மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். லேசர் செய்யலாமா என்று கேட்கப் போனேன். மருத்துவர் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். நானோ ஒல்லி. இதெல்லாம் தேவையா?

பதில்: தேவைதான். முடியும் தள்ளிப்போகும் மாதவிடாயும் சேர்ந்து வந்தால் முதலில் நினைவுக்கு வருவது பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கோளாறுகள் இல்லை என்று பார்த்த பிறகே அதை உறுதி செய்வார்கள்.

பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. ஈடுகட்ட, கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த உபரி இன்சுலின் சினைப்பையை உசுப்பி ஆண்ட்ரோஜன்கள் எனும் ஆண் ஹார்மோன்களைக் கூட்டுகிறது. போதாததற்கு, அவற்றில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் ஒன்று கல்லீரலில் உருவாகிறதே, அதையும் குறைத்துவிடுகிறது. பிடி தளர்ந்த ஹார்மோன் மயிர்க்காலை எட்டியதும் பூனைமுடி கருத்துத் தடிக்கிறது. அதே இன்சுலின் கோளாறுதான் பின்னாளில் நீரிழிவுக்கும் கொழுப்பு மாறுபாட்டுக்கும் வழி விடுகிறது. எடை கூடினால் ஆபத்தும் கூடும்; ஆனால் ஒல்லியானவர்களுக்கு வராது என்றில்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு நிறுத்திவிடாதீர்கள். அது சரியாக இருந்தும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படுவதுண்டு. அப்போது 140 முதல் 199 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 200-ஐத் தொட்டால் நீரிழிவு. எல்லாம் சரியாக இருந்தாலும் 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். ரத்த அழுத்தமும்தான். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் அதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

மாதவிடாய் 3 மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் சும்மா இருக்காதீர்கள். கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். என்னைக் கேட்டால், முடியைவிட இதற்குத்தான் கவலைப்பட வேண்டும்.

சரி, லேசர்? தாராளமாகச் செய்யுங்கள். ஹார்மோனைக் கவனிக்காமல் விட்டால் புதிது முளைக்கும், அவ்வளவுதான். ஹார்மோனைச் சீராக்க மாத்திரை தொடங்கினாலும் பலன் தெரிய 6 மாதமாவது ஆகும். ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரை என்றால், அதைச் சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. பலன் தெரியும்வரை ஷேவ் செய்துகொள்ளலாம். செய்தால் அடர்ந்து வளரும் என்பது வெறும் பேச்சு.

ஒன்று மட்டும் வேறு கதை. சில மாதங்களிலேயே முடி மளமளவென்று பரவி, குரலும் கட்டைக்குரலானால் சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.