ஜெயிக்காதவருக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி: ராத்திரி கண்விழித்து நானும் பத்தாவது படிக்கும் என் மகனும் அமெரிக்க நாஸ்கார் கார் பந்தயம் பார்ப்போம். “ஜெயிக்கப் போறதில்லைன்னு தெரிஞ்சே சிலர் வாராவாரம் பின்னாடி ஓட்டிட்டு வராங்களே, அவங்க வேற வேலை பார்க்கக் கூடாதாப்பா?” என்கிறான். என்ன பதில் சொல்ல?

பதில்: அதுதான் அவர்கள் வேலை என்று சொல்லுங்கள். கடைசியில் வரும் வண்டிக்கும் பரிசுத் தொகையில் பங்கு உண்டு. அதை வைத்து டயர் வாங்கி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள்.

ஜே.டி. மக்டஃபி என்று ஒருவர் இருந்தார். 1963 முதல் 1991 வரை 653 பந்தயம், ஒரு வெற்றிகூட இல்லை. 1978இல் டோவரில் ஒரே ஒரு முறை, தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். 1991இல் வாட்கின்ஸ் க்ளென் பந்தயத்தில் விபத்தில் இறந்தார்.

மகனுக்கு நான் காட்ட நினைக்கும் ஆள் டேவ் மார்சிஸ். விஸ்கான்சினிலிருந்து தெற்கே வந்து வட கரோலினாவில் பட்டறை போட்டவர். 883 பந்தயத்தில் 5 வெற்றி. 1975இல் புள்ளிப் பட்டியலில் சாம்பியன் ரிச்சர்ட் பெட்டிக்கு அடுத்து இரண்டாம் இடம். ஆக, திறமை இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. பிறகு சொந்த அணி வைத்தார், கையில்தான் காசில்லை. ரிச்சர்ட் சில்ட்ரஸின் பெரிய அணிக்குச் சோதனை ஓட்டம் ஓட்டிக் கொடுத்து, பதிலுக்கு உதிரிபாகம் வாங்கிக்கொண்டார். நம்மூர் பட்டறைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

ஓட்டும்போது அவர் காலில் கிடந்தது பந்தய ஷூ இல்லை. ஆபீசுக்குப் போகிறவர் போடுகிற, மூக்கில் பொத்தல் வேலைப்பாடு செய்த தோல் ஷூ! வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டும் சூட்டில், பெடல் பக்கத்து அனலைக் கெட்டித் தோல்தான் தாங்கியது. பார்க்கிறவர்கள் சிரித்தார்கள், அவர் மாற்றவில்லை.

1982இல் ரிச்மண்டில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முன்னால் ஓடியவர்கள் டயர் மாற்ற உள்ளே போனார்கள். மார்சிஸ் போகாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார். மழை கொட்டியது, பந்தயத்தை அத்தோடு முடித்துவிட்டார்கள். முதலிடம் அவருக்கு. அதிர்ஷ்டம் என்பான் உங்கள் பையன். இருக்கட்டும், அந்த நேரத்தில் தடத்தில் இருந்தது யார் என்று கேளுங்கள்.

அதுதான் அவருடைய கடைசி வெற்றி. அதன் பிறகும் 20 வருஷம் ஓட்டினார். 2002 டேடோனா 500 பந்தயத்தில், 60 வயதில், எஞ்சின் பாதியில் போனபோதுதான் இறங்கினார்.