கொழுக்கட்டைப் புல்லுக்குள் பார்த்தீனியம்: உப்பா, மருந்தா, கைக்களையா?

கேள்வி: ஐயா, வணக்கம். சேடபட்டிப் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி மேய்ச்சல் நிலம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் கலந்து விதைத்தேன். முப்பது வெள்ளாடு, இரண்டு கறவை மாடு மேய்கின்றன. போன ஐப்பசி மழைக்குப் பிறகு பாதி நிலத்தில் பார்த்தீனியம்தான். களை பிடுங்கிய வீட்டுக்காரம்மாவுக்குக் கையெல்லாம் அரிப்பு. பால் கசக்கிறது என்று வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் கிளைபோசேட் அடிக்கச் சொல்கிறார்கள். மாமா உப்புக் கரைசல் போதும் என்கிறார். புல் சாகாமல் களை மட்டும் சாக வழி உண்டா? பக்கத்துக் காட்டில் பருத்தி நிற்கிறது.

பதில்: கடைசியில் போகிறபோக்கில் பருத்தி என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடியை மட்டும் கொல்லும் மருந்து இருக்கிறது: 2,4-டி சோடியம் உப்பு. பூப்பதற்கு முன், லிட்டர் தண்ணீருக்கு 8 கிராம் கலந்து, செடி நனைய அடித்தால் பார்த்தீனியம் முறுக்கிக்கொண்டு காயும். கொழுக்கட்டைப் புல் நிற்கும். ஆனால் இந்த மருந்துக்குப் பருத்தி ஆகவே ஆகாது. காற்றில் லேசாகச் சாரல் போனாலும் பருத்திக் கொழுந்து குறுகி, இலை விரல்விரலாகக் கிழிந்த மாதிரி வரும், சப்பை (பூமொட்டு) கொட்டும். இந்த மருந்தை அடித்த டேங்கை அலசாமல் அடுத்த வாரம் பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்து, ஒரு போகத்தையே இழந்தவரை நான் பார்த்திருக்கிறேன். இதற்கென்று ஒரு பழைய டேங்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத காலை நேரத்தில், நாஸிலைத் தாழ்த்தி அடியுங்கள். பருத்திக் காட்டை ஒட்டி இருபது அடிக்காவது மருந்தே வேண்டாம், அங்கே கைக்களைதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முயல் மசால் பயறு வகை, அகன்ற இலை. 2,4-டி பட்டால் அதுவும் அடிபடக்கூடும். ஆகவே இரண்டு ஏக்கரையும் ஒட்டுமொத்தமாக நனைக்காதீர்கள். நிலத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். மசால் இல்லாமல் பார்த்தீனியம் அடர்ந்த திட்டுகளுக்கு மட்டும் மருந்து, மசால் நிற்கிற இடத்தில் கை. அடித்த இடத்தில் மூன்று வாரத்துக்கு ஆடு மாடு இறங்க வேண்டாம்.

கிளைபோசேட் புல்லையும் சேர்த்தே கொல்லும். அதற்கு 2022-ல் மத்திய அரசும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உங்கள் தேவைக்கு அது சம்பந்தமே இல்லாத மருந்து. மாமா சொன்ன சமையல் உப்பு பொய்யில்லை. லிட்டருக்கு 200 கிராம் கரைத்து அடித்தால் பார்த்தீனியம் கருகும். ஆனால் அது வண்டிப்பாதை ஓரம், வீட்டுப் பின்புறம், பயிர் வைக்காத இடத்துக்குத்தான். மேய்ச்சலில் அடித்தால் புல்லும் கருகும், மண்ணும் கெடும்.

கைக்களையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தப்பாகச் செய்வது அங்கேதான். முளைத்த பார்த்தீனியம் முதலில் தரையோடு தட்டுப் போலப் படுத்திருக்கும், இலை கேரட் இலை மாதிரி. பிடுங்கச் சரியான நேரம் அதுதான். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கையில் ஆணிவேரோடு வரும். அரிவாளால் அறுத்தால் அடியிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும், வேலை கூடும். முளைத்த ஒன்று ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும்; ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை கொட்டும். ஒவ்வொரு மழைக்கும் புதிதாக முளைக்கும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இருபது நாளுக்கு ஒருமுறை சுற்றி வாருங்கள். பூத்ததைப் பிடுங்கினால் குப்பைக்கிடங்கில் போடாதீர்கள், அது எருவோடு திரும்ப உங்கள் காட்டுக்கே வரும். காயவைத்து எரித்துவிடுங்கள்.

வீட்டுக்காரம்மாவை இனி வெறுங்கையோடு இறங்க விடாதீர்கள். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கில் துணி கட்டாயம். ஏற்கெனவே அரிப்பு வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும். இந்த வேலையிலிருந்தே அவரை விலக்கிவிட்டு, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

களை ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முப்பது ஆடும் இரண்டு மாடும் வருஷம் முழுக்க இரண்டு ஏக்கரில் நின்றால் புல் தூர் மொட்டையாகி மண் வெளியே தெரியும். பார்த்தீனியத்துக்கு வேண்டியது அந்த வெற்று மண்தான். நிலத்தை வலை கட்டி நாலாகப் பிரித்து, மாற்றி மாற்றி மேய விடுங்கள். மேய்ந்து புல் நாலு விரல் உயரத்துக்குக் குறைந்ததும் அடுத்த பகுதிக்கு ஓட்டிவிடுங்கள். களை எடுத்த வெற்றிடத்தில் அடுத்த புரட்டாசி, ஐப்பசியில் கொழுக்கட்டை விதையைத் தூவுங்கள். ஏக்கருக்கு மூன்று கிலோ போதும், வெற்றிடத்துக்கு அந்தக் கணக்கில் குறைத்துக்கொள்ளுங்கள். விதை பஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். மணல் கலந்து தூவி, முள் கொப்பால் லேசாகக் கீறிவிட்டால் சரி, ஆழமாகப் புதைக்க வேண்டாம். புதிதாக உருவிய விதை ஆறு, எட்டு மாதம் உறங்கும், பழைய விதையாகக் கேட்டு வாங்குங்கள். மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

பால் கசப்பதற்குக் காரணம், மேய்ச்சலிலோ அறுத்த புல்லோடோ பார்த்தீனியமும் கலந்து மாட்டின் வயிற்றுக்குள் போவதுதான். கறவைக்குக் கொஞ்ச நாள் சோளத்தட்டை போடுங்கள், கசப்பு போய்விடும்.

பார்த்தீனிய இலையைச் சல்லடையாக்கும் வெளிர் நிற, கோடு போட்ட சின்ன வண்டு தென்பட்டால் அந்தத் திட்டில் மருந்து அடிக்காதீர்கள். அது மெக்சிகோ வண்டு. 1984-ல் பெங்களூரில் இதற்காகவே விட்டது. மழைக்காலத்தில்தான் வேலை செய்யும். வரப்பில் தகரையும் துத்தியும் தானாக முளைத்து நின்றால் வெட்டாமல் விடுங்கள். பார்த்தீனியத்தை நெருக்கி அடக்கும் செடிகள் அவை.