மகள் தொழினுட்பப் பிரிவைக் கேட்கிறாள் என்றால்

அம்மா, மகள் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவின் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் (பயிர், உணவு போன்ற துறைகளுக்கான தொழினுட்பம்) படிக்க ஆசைப்படுகிறாள். கலைப் பிரிவு எடுத்தால் ஆசிரியை ஆகலாம் என்பது உங்கள் எண்ணம். "ஆராய்ச்சியெல்லாம் கொழும்பு ஆட்களுக்கு" என்றீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம் தலவாக்கலையில்தான் இருக்கிறது. நீங்கள் கொழுந்தெடுக்கும் வீ.பி. மலைகள் (விதையில்லாமல் கிளைத்துண்டிலிருந்து வளர்த்த தேயிலை) அத்தகைய ஆராய்ச்சியின் விளைச்சல். 1930களில் தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், புழுவும் அடங்கியது.

2021ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்தும் அரசு கேட்கவில்லை. நவம்பரில் தடையை விலக்க நேர்ந்தது. இடையில் கொழுந்து குறைந்தது. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுவது யாருக்கு? நாட்டின் விஞ்ஞானக் கொள்கை உங்கள் கூடைக்குள்ளேயே இருக்கிறது, அம்மா. அதை வகுக்கும் இடத்தில் தோட்ட லயத்துப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆனால் ஆசை காட்டி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆராய்ச்சிக்கு இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம்தான். ஆராய்ச்சியாளர் பதவிகள் குறைவு. அதனால் ஒரே கதவை நம்பக்கூடாது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்த பிறகு பல்கலைக்கழகங்களில் அதற்கான பட்டங்களும் வந்துவிட்டன. பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியலுக்கே பட்டப்படிப்பு உண்டு. நுவரெலியா பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் அனுமதியில் தனி ஒதுக்கீடும் கிடைக்கும். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி கைகொடுக்காவிட்டால், தேசிய தொழிற்தகைமையின் 5ஆம், 6ஆம் மட்ட டிப்ளோமாக்கள் இருக்கின்றன. ஆசிரியை ஆகும் வழியும் அடைபடாது. தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர்களுக்கு மலையகத்தில் நெடுங்காலமாகத் தட்டுப்பாடு.

எனக்குள்ள கவலை வேறு. பிரிவின் பெயர் அறிவித்தல் பலகையில் இருக்கும், கற்பிக்க ஆளிருக்காது. விண்ணப்பிக்கும் முன் பாடசாலைக்குப் போய், தமிழில் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா, செயன்முறைக்கு ஆய்வுகூடம் இருக்கிறதா என்று அதிபரிடம் நேரடியாகக் கேளுங்கள். இல்லையென்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் வேறு பாடசாலை விசாரிக்கலாம். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். வகுப்பு தொடங்கும்வரை மகள் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.