ரப்பர் குழாயில் ஓடும் அலை

கேள்வி: சைக்கிள் கடை நடத்துகிறேன். பொறியியல் படிக்கும் என் மகன், மின்சாரம் கொடுத்தால் நீளும் ரப்பர் குழாயில் அலை எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். ரப்பரில் மின்சாரமே பாயாதே, எப்படி நீளும்? அலையைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பாயாததால்தான் நீளுகிறது. மெல்லிய சிலிக்கோன் குழாயின் உள்ளும் புறமும் மின்சாரம் பாயும் கரிப்பசை பூசுவார்கள். உலோகத் தகடு ஒட்டினால் குழாயை நீளவிடாது. சில ஆயிரம் வோல்ட் கொடுத்ததும் இரு பூச்சுகளும் ஒன்றையொன்று இழுக்க, நடுவில் அகப்பட்ட சுவர் நசுங்குகிறது. ரப்பரின் கன அளவு மாறாது. சப்பாத்தி மாவைப் போல, மெலிந்த அளவுக்கு விரிந்தாக வேண்டும். எக்ஸ் கதிர் கண்ட ராண்ட்ஜன், அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, 1880இல், ரப்பர் பட்டையில் மின்னூட்டம் ஏற்றி அது நீள்வதைப் பார்த்துவிட்டார்.

அலையை உங்கள் கடையிலேயே பார்க்கலாம். பழைய டியூபை நீளவாக்கில் பட்டையாக நறுக்கி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விரலால் சுண்டுங்கள். தொய்வாகப் பிடித்தால் மேடு சோம்பேறித்தனமாகப் போய்த் திரும்பும். இழுத்துப் பிடித்தால் கண்ணில் அகப்படாது. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் முப்பது வருடம் இதைக் காட்டியிருக்கிறேன். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இழுத்து இரு முனைகளிலும் கட்டிய கரிப்பசைக் குழாய்க்கு வோல்ட்டேஜ் கொடுத்தால் நீள இடமில்லை. இழுவிசை தளர்ந்து அலை மெதுவாகும். அணைத்தால் பழைய வேகம். வீணையில் தந்தியை முறுக்கும் பிரடை செய்யும் வேலையை இங்கே சுவிட்ச் செய்கிறது.

இன்னொரு பயன் பழுது பார்ப்பது. 1856இல் திறந்த நம் ராயபுரம் ரயில் நிலையத்தில், சிறுவனாக இருந்தபோது, சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, ஓசையை வைத்தே விரிசல் கண்டுபிடிப்பவரின் பின்னால் திரிந்திருக்கிறேன். ரப்பர் சுவரில் காற்றுக்குமிழி இருந்தால் அலையில் ஒரு பகுதி அங்கே பட்டுத் திரும்பும். மின்சாரம் துளைத்துக்கொண்டு போவதும் அந்த இடத்தில்தான். ஆனால் வோல்ட்டேஜே அலையின் வேகத்தை மாற்றிவிடுவதால், எது பழுது, எது மின்சாரத்தின் வேலை என்று பிரித்தாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடுகிறவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

சோதனைக்குக் கடை டியூபைக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். அந்தக் கறுப்பு, ரப்பரில் கலந்த கரித்தூள். அத்தனை வோல்ட்டைத் தாங்காது.