இசை கேள்வி–பதில்: அரை ஸ்வரம் இறங்கும் இடம்

கேள்வி: ‘பாடி அண்ட் சோல்’ என்ற ஜாஸ் பாலடை (மெதுவான, உருக்கமான பாட்டை) கீபோர்டில் வாசிக்கிறேன். கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) சரியாகவே விழுகின்றன. ஆனால் பதிவுகளில் கேட்கிற ஏக்கம் வரவில்லை. வேகத்தைக் குறைத்தும் பார்த்துவிட்டேன். நடுப்பகுதியில் வேறு தடுமாற்றம்.
– வாசகி, திருச்சி

பதில்: வேகம் குறைந்தால் பாட்டு நீளும், உருக்கம் வந்துவிடாது. ஜானி கிரீன் 1930-ல் மெட்டமைத்த இந்தப் பாட்டின் ஸ்கேல் டி ஃபிளாட் மேஜர். தொடங்குவதோ ஈ ஃபிளாட் மைனர் கார்டில். டி ஃபிளாட்டை ஸட்ஜமாக வைத்துக் கேளுங்கள். இரண்டு பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) முழுக்க ஸட்ஜத்தில் வந்து அமராமலே போகும், மூன்றாவதில்தான் அமரும். ஏக்கம் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. இடது கையில் முழுக் கார்டையும் அழுத்தினால் அது காதில் விழாது.

ஒவ்வொரு கார்டிலும் அதன் அடி ஸ்வரத்திலிருந்து எண்ணி மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை மட்டும் பிடியுங்கள். ஈ ஃபிளாட் மைனர் செவனுக்கு ஜி ஃபிளாட்டும் டி ஃபிளாட்டும். அடுத்து ஏ ஃபிளாட் செவன்: ஜி ஃபிளாட் அப்படியே நிற்க, டி ஃபிளாட் அரை ஸ்வரம், அதாவது பக்கத்துக் கட்டைக்கு, இறங்கி சி ஆகும். பிறகு டி ஃபிளாட் மேஜர் செவன்: இப்போது சி நிற்கும், ஜி ஃபிளாட் இறங்கி எஃப் ஆகும். ஒவ்வொரு தடவையும் அசைவது ஒரே விரல். வலது கை இல்லாமல் இதை மட்டும் தினம் 10 நிமிடம் வாசியுங்கள். பெடலைக் கார்டுக்குக் கார்டு எடுத்து மிதிக்க வேண்டும். விடாமல் மிதித்தால் டி ஃபிளாட்டும் சி-யும் சேர்ந்து ஒலித்து, அந்த இறக்கமே கலங்கிவிடும்.

மெட்டு முதல் அடியை விட்டுத்தான் எடுக்கும். பலர் அதை முதல் அடியிலேயே தொடங்கிவிடுகிறார்கள், அங்கேயே பாரம் போய்விடுகிறது. நிமிடத்துக்கு 60 அடி போதும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) 30-ல் வைத்து, அதன் தட்டல்களை 2, 4 ஆகிய அடிகளாக எண்ணுங்கள்.

நீங்கள் தடுமாறும் நடுப்பகுதி 17 முதல் 24 வரையான பார்கள். ஸ்கேல் அங்கே அரை ஸ்வரம் ஏறி டி மேஜருக்குப் போகிறது, பிறகு சி-க்கு இறங்குகிறது. திரும்பி வரும் வழி 24-வது பார்: சி செவன், பி செவன், பி ஃபிளாட் செவன். ஒரே பாரில் மூன்று கார்டு என்பதால் கை அவசரப்படும். இங்கும் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள்தான். சி செவனுக்கு ஈ-யும் பி ஃபிளாட்டும் பிடித்து, இரண்டையும் சேர்த்து அரை அரை ஸ்வரமாக இறக்குங்கள். 24, 25 இரண்டை மட்டும் 20 தடவை திருப்பி வாசித்தால் கை தானாகப் போகும்.

கேட்பதற்கு முதலில் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 1940 பதிவு. குரல் தாளத்துக்குப் பின்னால் வரும், தாளம் அவருக்காக நிற்காது. கோல்மன் ஹாக்கின்ஸ் 11 அக்டோபர் 1939-ல் பதிவு செய்த சாக்ஸபோன் வாசிப்பு மகத்தானது. ஆனால் மெட்டைத் தொடக்கத்தில் தொட்டுக்காட்டிவிட்டு மிச்சத்தை அவர் கற்பனையிலேயே கட்டுகிறார். மெட்டு மனதில் ஊறிய பிறகு அதற்குப் போங்கள்.

கேள்வி: இதையே சி மேஜருக்கு மாற்றினால் சுலபமா?

பதில்: முதல் 16 பார் சுலபம். நடுப்பகுதி டி ஃபிளாட்டுக்கும் பி மேஜருக்கும் போய்விடும். கறுப்புக் கட்டைகள் அங்கே காத்திருக்கும். மூல ஸ்கேலிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.