கோட்டாறு கடைவீதியில் ஏழு மாடி: மனு ஏன் திரும்பியது?

நாகர்கோவில் கோட்டாறு கடைவீதியில் பழைய ஓட்டுக்கடையைப் பிரித்துவிட்டு, கீழே கடையும் மேலே வீடுமாக ஏழு மாடி கட்ட அனுமதி கேட்ட மனு திரும்பிவிட்டது என்கிறீர்கள். கீழே கடை, மேலே வீடு என்பது பொதுவாகப் பிரச்சினையில்லை. ஏழு மாடி உயரம்தான் இடைஞ்சலாகியிருக்கும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். அதற்கேற்ற தெரு அகலம் வேண்டும். நம் கடைவீதியில் எதிரெதிர் ஓட்டுக்கடைகளின் இறவாரம் முட்டாத குறைதானே!

டேப்போடு போய், தெரு மிகக் குறுகும் இடத்தில் அளந்து பாருங்கள். போதாதென்றால் 18.30-க்குள் வரைபடம் போடச் சொல்லுங்கள். அப்புறம், தரைத்தளம் முழுக்கக் கடை என்றால் வண்டி நிறுத்த இடம் எங்கே என்ற கேள்வியும் வரும்.

ஒன்று மட்டும்: 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால், படிக்கத் தெரிந்தவரை வைத்துப் பழைய சர்வே எண்ணைப் பட்டாவோடு ஒப்பிடுங்கள். அதற்குமுன் ஓட்டைப் பிரிக்க வேண்டாம்.